நீதி கேட்டு நடந்தவர்கள்

1771-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். பாரிஸ் மாநகரிலே செயிண்ட் ஓவிட் சந்தை கூடியிருந்தது. வித்தையும் வேடிக்கையும் தின்பண்டமும் நிரம்பிய அச் சந்தையிலே உணவு விடுதிக்காரன் ஒருவன், வாணிகம் பெருகுவதற்குப் புதிய வழி ஒன்று கண்டான். கண்ணில்லாத ஆடவர் சிலரைக் கூலிக்கு அமர்த்தினான். நீண்ட அங்கியை மாட்டினான். தலையிலே கூம்புக் குல்லாயைக் கவிழ்த்தான். மூக்கின்மேல் அட்டையால் செய்த பெரிய கண்ணாடியைப் பொருத்தினான். எதிரே இசைத்தாளை விரித்து வைத்தான். பார்க்க முடியாதவன் படிப்பதற்குத் தாள். அதைத் தெளிவாகப் படிப்பதற்குக் கண்ணாடி! கையிலே பிடிலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னான். அபசுரம் எழுந்தது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. விடுதியிலே உட்கார இடமில்லை.

சிரித்தவர்கள் எல்லாரும் கொடியவர்களா? அப்படிச் சொல்வதற்கில்லை. ஞாயிறுதோறும் கோயிலுக்குச் சென்று, வாயிலில் அமர்ந்திருந்த கண்ணற்றவனின் தட்டிலே காசு போட்டவர்களும் அக் கூட்டத்திலே இருந்திருப்பார்கள். பிரான்சு நாட்டிலே கண்ணற்றோர்க்குக் கருணை புதியதன்று. ஒன்பதாம் லூயி மன்னன், 1260-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, பாரிசிலே முந்நூறு கண்ணற்றோர்க்கு ஒரு விடுதி எடுத்தான். 'பதினைந்து இருபதுகள்' என்பது அதன் பெயர். பெருக்கிப் பார்த்தால் முந்நூறு வரும். இம் மன்னனைத்தான் பிற்காலத்தில் திருச்சபை புனிதன் என்று போற்றியது. அவ் விடுதியில் இடம் பெற்றவர்கள் என்ன செய்தார்கள்? மன்னனின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொண்டார்கள். வேண்டுதல் முடிந்ததும் தெருவில் இறங்கி இரந்தார்கள். அரச மரபின் அல்லிமலர்ச் சின்னத்தை ஆடையிலே தைத்துக்கொண்டு இரந்தார்கள். பிச்சைக்கு அரசாங்க முத்திரை! கொடுத்தவனுக்குப் புண்ணியம், வாங்கியவனுக்குத் திருவோடு என்ற கணக்கு ஐந்நூறு ஆண்டுகள் பிசகாமல் நடந்தது.

நம் நாட்டுக் கணக்கு இதைவிடப் பழையது. முற்பிறப்பிலே செய்த வினை இப்பிறப்பிலே கண்ணைப் பறித்தது என்றார்கள். அம்மை நோய் எத்தனையோ குழந்தைகளின் கண்களைக் குடித்தபோது, அதைத் தெய்வத்தின் வருகை என்று வேப்பிலை செருகிக் கும்பிட்டார்கள். 1796-இலே ஜென்னர் என்னும் மருத்துவர் குத்திக் காட்டிய ஊசிதான் அம்மையைத் தடுத்தது. அது உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980-இல் அறிவிக்கப்பட்டது. எந்தக் கோயிலிலும் வினை தீர்ந்ததாக அறிவிப்பு வரவில்லை. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூடத்தனத்தைச் சாட எழுதுவோர் பலர் அதைக் 'குருட்டு நம்பிக்கை' என்று எழுதுகிறார்கள். உவமை பிழையானது. வினைப் பயன் என்று ஏட்டில் எழுதியவனுக்கு இரண்டு கண்களும் நன்றாகத் தெரிந்தன.

கண்ணிழந்தவன் அறிவிழந்தவன் அல்லன் என்பதை ஐரோப்பாவிலே உரக்கச் சொன்னவர் சிறைக்குப் போனார். அவர் பெயர் தீதரோ. பெருங் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த பகுத்தறிவாளர். 1749-இல் கண்ணற்றோரைப் பற்றிக் கடித வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். கண்ணுடையோர் பயன்படுத்துவதற்காக என்று தலைப்பிலேயே குத்தலாகச் சேர்த்திருந்தார். இங்கிலாந்திலே நிக்கலஸ் சாண்டர்சன் என்றொரு கணித அறிஞர் இருந்தார். ஒரு வயதிலேயே அம்மையால் கண்ணிழந்தவர். துளையிட்ட பலகையிலே ஊசிகளைச் செருகி, விரலால் தடவிக் கணக்குப் போட்டவர். ஒரு காலத்திலே நியூட்டன் வகித்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியை 1711-இல் ஏற்று, 1739-இல் இறக்கும்வரை வகித்தவர். ஒளியைக் காணாத அவர், ஒளியியலைப் பற்றியே மாணவர்க்கு விரிவுரை ஆற்றினார். அந்தச் சாண்டர்சன் சாவுப் படுக்கையிலே பாதிரியாரோடு கடவுளைப் பற்றி வழக்காடுவதாகத் தீதரோ கற்பனை செய்து எழுதினார். இயற்கையின் அழகைக் காட்டிப் படைத்தவனை நம்பச் சொன்னால், அழகைக் காணாதவன் என்ன செய்வான் என்பது வழக்கின் சாரம். அந்த ஆண்டு ஜூலையிலே தீதரோவைப் பிடித்து வின்சேன் கோட்டையிலே அடைத்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தார்.

சந்தைக் கூத்தைக் கண்டு சிரிக்காமல் குமுறிய ஒருவர், அந்த நூலின் காற்றையும் சுவாசித்தவர்தாம். வாலண்டின் அயூயி என்பது அவர் பெயர்; பல மொழி அறிந்தவர். இந்தப் பொய்க் கூத்தை மெய்யாக்குவேன், கண்ணற்றோரைப் படிக்க வைப்பேன் என்று உறுதி கொண்டார். 1784-இலே கோயில் வாயிலில் இரந்துகொண்டிருந்த பிரான்சுவா லெசுயூர் என்ற இளைஞனைத் தேடிப் பிடித்தார். படிக்க வந்தால் பிச்சைக் காசு போய்விடுமே என்றான் அவன். அந்தக் காசை நானே தருகிறேன் என்றார் அயூயி. இப்படித்தான் தொடங்கியது அந்தப் பள்ளி: ஆசிரியர் மாணவனுக்குச் சம்பளம் கொடுத்து! ஒரு நாள் மேசைமேல் கிடந்த தாள்களைத் துழாவியபோது, அழுத்தமாக அச்சாகிப் பின்புறம் புடைத்திருந்த எழுத்தொன்றை லெசுயூரின் விரல் கண்டுபிடித்ததாம். அதைப் பிடித்துக்கொண்டார் அயூயி. தடித்த தாளிலே எழுத்துகளைப் புடைக்க அச்சிட்டு நூல் செய்தார். 1785-இலே உலகின் முதல் கண்ணற்றோர் பள்ளி பாரிசிலே இயங்கலாயிற்று. புரட்சி வந்தது, 1791-இலே அரசே அப் பள்ளியை ஏற்றது. கண்ணற்ற பிள்ளைக்குக் கல்வி தருவது அரசின் கடமை என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

அயூயியை நாம் வணங்கத்தக்க பெரியவராகவே எண்ணுகிறோம். எனினும் அவருடைய எழுத்திலே ஒரு குறை இருந்தது. புடைத்து நின்றவை கண்ணுக்காக வகுக்கப்பட்ட எழுத்துகள். வளைவும் சுழியும் கண்ணுக்கு எளிது, விரலுக்குக் குழப்பம். ஒவ்வோர் எழுத்தையும் சுற்றித் தடவி அறிவதற்குள் முன் எழுத்து மறந்துபோகும். நூல்களோ பெரியவை, கனத்தவை, விலை மிகுந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முறையிலே படிக்கலாமே தவிரக் கண்ணற்றவர் தாமே எளிதில் எழுத முடியாது. பிறகு ஏன் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? கண்ணுடைய ஆசிரியருக்கு அது படிக்க வந்தது. உதவி செய்தவரின் வசதியே உதவியின் வடிவம் ஆயிற்று. இந்த ஒரு முடிச்சை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் நூறாண்டு வரலாறும் விளங்கிவிடும்.

பாரிசுக்குக் கிழக்கே கூப்ரே என்னும் சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1809 ஜனவரி 4-இல் பிறந்தவன் லூயி பிரெயில். மூன்று வயதிலே தந்தையின் பட்டறையில் விளையாடியபோது குத்தூசி கண்ணில் பாய்ந்தது. சீழ் மற்றக் கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதுக்குள் இரண்டும் போயின. 1819-இலே, பத்து வயதுச் சிறுவனாக, பாரிஸ் பள்ளியில் சேர்ந்தான். அடுத்த சில ஆண்டுகளிலே சார்ல் பார்பியே என்ற படைத்துறை அதிகாரி, தாம் வகுத்த ஒரு முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். இருட்டிலும் தடவிப் படிக்கத்தக்க புள்ளி எழுத்து அது. கோடு வேண்டாம், புள்ளி போதும் என்ற எண்ணம் அருமையானது. ஆனால் ஓர் அடையாளத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. விரல் மேலும் கீழும் அலைய வேண்டும். எழுத்துக் கூட்டலுக்கு இடமில்லை. ஒலியை மட்டுமே குறித்தது. நிறுத்தக் குறி இல்லை, எண் இல்லை. சிறுவன் லூயி குறைகளை எடுத்துச் சொன்னபோது அதிகாரி அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சிறுவன் தானே அமர்ந்து வேலை செய்தான். 1824-இலே, பதினைந்து வயதுக்குள், முடித்தான். 1829-இலே அம் முறை நூலாக வெளிவந்தது.

அவன் செய்தது என்ன? பன்னிரண்டை ஆறாக்கினான். இரண்டு பத்தி, பத்திக்கு மூன்று புள்ளி. முழுவதும் ஒரு விரல்நுனிக்குள் அடங்கும். விரலை நிறுத்தாமல் இடமிருந்து வலமாக ஓட்டிக்கொண்டே படிக்கலாம். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அமைத்தால் அறுபத்து மூன்று வடிவங்கள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தக் குறி, இசைக் குறி அத்தனைக்கும் அவை போதும். எழுதுவதற்கோ ஒரு சட்டமும் ஓர் எழுத்தாணியும் போதும். தாளின் பின்புறத்திலே வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போய், தாளைத் திருப்பினால் முன்புறத்திலே புள்ளிகள் இடமிருந்து வலமாக எழுந்து நிற்கும். கண்ணைப் பறித்ததும் குத்தூசி, எழுத்தைத் தந்ததும் குத்தூசி என்று வியந்து எழுதுவோர் உண்டு. நமக்கு வியப்பு வேறிடத்திலே. நம் அந்தகக்கவி வீரராகவர் முதுகிலே பிறரை எழுதச் செய்து எழுத்தறிந்தார் என்று சொல்லுவர். தோலுக்கு எழுத்தறியும் ஆற்றல் உண்டு என்பது தமிழ் நாட்டிலும் தெரிந்தே இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு பள்ளி பிறக்கவில்லை; ஒரு புலவரின் புகழ்க்கதை மட்டுமே பிறந்தது.

பிரெயில் அதே பள்ளியிலே ஆசிரியரானார். ஆனால் அவருடைய எழுத்துக்கு அங்கே அதிகாரம் கிடைக்கவில்லை. மாணவர்கள் அதை விரும்பினார்கள், தமக்குள்ளே பயன்படுத்தினார்கள். 1840-இலே பியேர் அர்மான் துய்ஃபோ என்பவர் பள்ளித் தலைவரானார். கண்ணற்றோரும் கண்ணுடையோரின் எழுத்து வடிவத்தையே படிக்க வேண்டும், தனி எழுத்து அவர்களைத் தனிமைப்படுத்தும் என்பது அவர் வாதம். புள்ளி எழுத்துக்குத் தடை விதித்தார். தடை நூல்களைத்தான் கட்டியது. விரல்களைக் கட்ட முடியுமா? பிள்ளைகள் மறைவாகக் குத்தினார்கள், மறைவாகப் படித்தார்கள், மறைவாக ஒருவருக்கொருவர் கடிதம் கொடுத்துக்கொண்டார்கள். படிப்பதற்காகச் சட்டத்தை மீறிய பிள்ளைகள் என்று உலகம் இவர்களைக் கொண்டாடியிருக்க வேண்டும். கடைசியில், துய்ஃபோவின் கீழே பணியாற்றிய ழோசெப் குவாதே என்பவர் மாணவர் பக்கம் நின்று வாதாடினார். 1844-இலே புதிய கட்டடத் திறப்பு விழாவிலே, புள்ளி எழுத்து அவையோர் முன்னே விளக்கப்பட்டது. பிரெயில் அதைக் கேட்டார். ஆனால் 1852 ஜனவரி 6-இல், நாற்பத்து மூன்று வயதிலே, காச நோயால் இறந்தார். அரசு அவ் எழுத்தை முறைப்படி ஏற்றது 1854-இலே! அவர் உடலைச் சான்றோர் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்கு மாற்றியதோ 1952-இலே.

இங்கிலாந்தின் நிலை இன்னும் வேடிக்கையானது. அங்கே ஆளுக்கொரு புடைப்பெழுத்து. ஒருவர் ரோமன் எழுத்தைப் புடைக்க வைப்பார். ஒருவர் சுருக்கெழுத்தைப் புடைக்க வைப்பார். ஒருவர் புது வடிவமே படைப்பார். ஒரு முறையில் படித்தவனுக்கு மற்றொரு முறையின் நூல் வெறுந்தாள். ஊருக்கு ஊர் அறக்கட்டளை. கட்டளைக்குக் கட்டளை பூசல். இதற்கு முடிவு கட்டியவர் தாமஸ் ஆர்மிட்டேஜ் என்ற மருத்துவர். பார்வை மங்கியதால் தொழிலை விட்டவர். 1868-இலே அவர் ஒரு சங்கம் கண்டார். எந்த எழுத்து சிறந்தது என்று தீர்ப்பளிக்கும் குழுவுக்கு அவர் வகுத்த விதிகளைக் கவனியுங்கள்: உறுப்பினர் எல்லாரும் கண்ணற்றோராய் இருத்தல் வேண்டும், குறைந்தது மூன்று முறைகளாவது அவர்களுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும், எந்த முறையிலும் பண ஆதாயம் இல்லாதவராய் இருத்தல் வேண்டும். தீர்ப்பு பிரெயிலுக்கு ஆயிற்று. 1878-இலே பாரிசிலே கூடிய அனைத்துநாட்டு மாநாடும் அதையே வழிமொழிந்தது. விரல்களைக் கேட்ட பிறகு விடை கிடைக்க அதிக நாள் ஆகவில்லை.

எழுத்து கிடைத்தது, சோறு? இனிமேல்தான் நம் வரலாறு சூடு பிடிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே இங்கிலாந்தின் கண்ணற்ற தொழிலாளர், அறநிலையங்கள் நடத்திய பட்டறைகளிலே கூடை முடைந்தனர், பாய் பின்னினர், தூரிகை கட்டினர். கூலி வயிற்றுக்குப் போதாது. கேட்டால், இது தொழிற்சாலை அன்று, தருமம் என்ற பதில் வரும். கூலி உயர்வு கேட்பவன் நன்றி கெட்டவன் ஆவான். நன்கொடையெல்லாம் கட்டடமாகவும் அலுவலர் சம்பளமாகவும் கரைகிறது, எங்கள் கைக்கு வருவது சில்லறை என்று தொழிலாளர் முறையிட்டனர். அந்த முறையீடு சங்கமாயிற்று. கண்ணற்றோர் தேசியக் கழகம் 1899-இலே தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. அதன் தலைவர்களுள் முதன்மையானவர் பென் பர்ஸ். சிறு வயதிலே பார்வை இழந்து, பியானோவுக்குச் சுருதி கூட்டும் தொழில் பயின்றவர். கழகத்தின் சிறப்பு என்ன? கண்ணற்றோர்க்கென்று கண்ணுடைய சீமான்கள் நடத்திய மன்றங்கள் ஏராளம். இது கண்ணற்றோர் தாமே நடத்திய கழகம். நிலக்கரித் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் அமர்ந்த தொழிற்சங்கப் பேரவையிலே இவர்களும் சரிசமமாக அமர்ந்தார்கள்.

முதல் உலகப் போர் இன்னொரு முரணைத் திறந்து காட்டியது. போர்க்களத்திலே கண்ணிழந்த வீரர்க்காக 1915-இலே செயிண்ட் டன்ஸ்டன் நிலையம் எழுந்தது. நிறுவியவர் பார்வையிழந்த பத்திரிகை அதிபர் ஆர்தர் பியர்சன். அங்கே பயிற்சி உண்டு. வீரர்க்கு அரசின் ஓய்வூதியமும் உண்டு. நாட்டு மக்கள் கண்ணீரோடு வாரி வழங்கினர். நல்லதே. ஆனால் ஆலைப் பொறி தெறித்துக் கண்ணிழந்தவனுக்கும் பிறவியிலேயே கண்ணில்லாதவனுக்கும்? எழுபது வயதுவரை காத்திருந்தால், 1908-இன் சட்டப்படி முதியோர் ஓய்வூதியம் கிடைக்கும். அதுவரை பட்டறைச் சில்லறை, அல்லது ஏழையர் விடுதி. 1920-இன் தொடக்கத்திலே, துறைமுகத் தொழிலாளர் தலைவர் பென் டில்லெட் பாராளுமன்றத்திலே கொணர்ந்த மசோதா நிறைவேறவில்லை.

பாராளுமன்றம் வராவிட்டால் நாம் போவோம் என்றனர் கண்ணற்றோர். 1920 ஏப்ரல் 5, ஈஸ்டர் திங்கட்கிழமை. மான்செஸ்டரிலிருந்து ஓர் அணி. லீட்ஸிலிருந்து ஓர் அணி. வேல்ஸ் பகுதியின் நியூபோர்ட்டிலிருந்து ஓர் அணி. நூறு பேருக்கு மேற்பட்டோர், மூன்று திசைகளிலிருந்து இலண்டனை நோக்கி நடந்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர்க்கு ஏறத்தாழ இருநூறு மைல். கைகோத்து வரிசை வரிசையாக நடந்தார்கள். வழியிலே ஊர்தோறும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். தொழிற்சங்கத்தார் உணவும் படுக்கையும் தந்தனர். முன்னே உயர்த்திப் பிடித்த கொடித் துணியிலே இரண்டு சொற்களே உயிர்: நீதி வேண்டும், தருமம் வேண்டாம். இருபது நாள் நடந்து, ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை, டிரபால்கர் சதுக்கத்தை அடைந்தபோது, பல்லாயிரவர் திரண்டு வரவேற்றனர். பிரதமர் லாயிட் ஜார்ஜ் உடனே கதவைத் திறக்கவில்லை. காத்திருந்தார்கள், நகரத்தை விட்டு நகரவில்லை. சில நாளுக்குப் பிறகே பிரதமர் அவர்களின் தூதுக் குழுவைக் கண்டு பேசினார். 1771-இலே கண்ணற்றோரைக் கண்டு ஒரு சந்தை சிரித்தது. நூற்றைம்பது ஆண்டு கழித்து அவர்களைக் கண்டு ஓர் அரசாங்கம் அசைந்தது. வேலையற்றோரின் ஜாரோ நடைப்பயணத்தை இன்றும் பேசுகிறார்கள். அது 1936-இலே நடந்தது. வழிகாட்டியவர்கள் வழியைப் பார்க்க முடியாத இவர்கள்.

அந்த ஆண்டே கண்ணற்றோர் சட்டம் நிறைவேறியது. ஓய்வூதிய வயது எழுபதிலிருந்து ஐம்பதாகக் குறைந்தது. தம் பகுதிக் கண்ணற்றோரின் நலத்துக்கு ஏற்பாடு செய்வது உள்ளாட்சி மன்றங்களின் கடமை ஆயிற்று. கண்ணற்றோர் பெயரால் பணம் திரட்டும் அறநிலையங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதியும் வந்தது. வெற்றிதான், ஆனால் முழு வெற்றி அன்று. அறநிலையங்களை நீக்கி அரசே பொறுப்பேற்க வேண்டும் என்பதல்லவா கழகத்தின் கோரிக்கை? சட்டமோ, உள்ளாட்சி மன்றம் அந்த அறநிலையங்களின் வழியாகவே பணி செய்ய இடம் வைத்தது. காசு மாறியது, கை மாறவில்லை! கழகத்தார் 1936-இலே மீண்டும் நடந்தார்கள். 1938-இன் சட்டத்தால் ஓய்வூதிய வயது நாற்பதாயிற்று. அமெரிக்காவிலோ, சட்ட அறிஞர் ஜேக்கபஸ் டென்புரூக் தலைமையிலே, கண்ணற்றோரின் தேசியக் கூட்டமைப்பு 1940-இலே ஏழு மாநிலத்தவர் பதினாறு பேரோடு தொடங்கிற்று. அங்கும் கொள்கை அதுவே: எங்களைப் பற்றி முடிவு செய்பவர் நாங்களே.

இந்தியாவுக்கு இந்தக் கல்வி கிறித்துவத் தொண்டர் கையால் வந்தது. 1887-இலே அமிர்தசரசில் ஆனி ஷார்ப். 1890-இலே நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார். மதம் பரப்பும் நோக்கம் உடன் வந்தது உண்மை. கோயில் வாயிலிலே திருவோடு ஏந்தி உட்கார்ந்திருந்த பிள்ளையின் கையிலே புத்தகம் வைத்ததும் உண்மை. இரண்டாவதை மறைத்து முதலாவதை மட்டும் பேசுவது நேர்மை ஆகாது. ஆயினும் ஐரோப்பாவின் பழைய நோய் இங்கும் வந்தது: மொழிக்கு ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்று எனப் பல புள்ளி எழுத்துகள் கிளைத்தன. 1951-இலே பாரதி பிரெயில் என்ற பொது முறை வகுக்கப்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே புள்ளி அமைப்பு. அகரத்துக்கு ஒரே ஒரு புள்ளி. ககரத்துக்கு இடப் பத்தியின் மேலும் கீழுமாக இரண்டு. உயிர்மெய்க்குத் தனி வடிவம் இல்லை. 'கி' என்று எழுத ககரத்தை அடுத்து இகரத்தைக் குத்தினால் போதும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஒரு குறி உண்டு. அது எழுத்தின் தலைமேல் ஏறாமல் எழுத்துக்கு முன்னே வரும். தமிழாசிரியராய் இருக்கும் நமக்கு இது சுவையாய் இருக்கிறது: இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் சில பத்து வடிவங்களில் அடக்கும் எழுத்துச் சீர்திருத்தம், விரல்களின் உலகிலே எந்தக் கூச்சலும் இன்றி நடந்தேறிவிட்டது!

சட்டம் பின்னால் வந்தது. 1995-இலே ஒன்று; அதனினும் விரிவாக 2016-இலே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அரசுப் பணியிலே நூற்றுக்கு நான்கு இடம். அதில் ஓர் இடம் கண்பார்வை இல்லாதோர்க்கும் பார்வை குறைந்தோர்க்கும். ஏட்டில் இருந்தது எளிதில் கைக்கு வரவில்லை. ஒதுக்கீட்டை எந்த மொத்தத்தின்மேல் கணக்கிடுவது என்பதற்கே கண்ணற்றோரின் தேசியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம்வரை போராடி 2013-இலே தீர்ப்புப் பெற்றது. சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் 2015-இலே வெளியுறவுப் பணியிலே சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அப் பணிக்கு வந்தது அதுவே முதல் முறை. பார்வையற்றவர் நீதிபதி ஆகக் கூடாது என்ற மத்தியப் பிரதேச விதியை 2025 மார்ச் 3-இலே உச்ச நீதிமன்றம் தள்ளியது. நீதித் தெய்வத்தின் கண்ணைக் கட்டிச் சிலை வைத்தவர்கள், கண்ணில்லாதவர் நீதி சொல்லக் கூடாது என்று எத்தனை காலம் விதி வைத்திருந்தார்கள்! நூல்களிலும் ஒரு வழக்கு இருந்தது. பதிப்புரிமை என்ற பூட்டால், ஒரு நூலைப் பிரெயிலிலோ ஒலியிலோ மாற்ற ஒவ்வொரு முறையும் ஒப்புதல் தேட வேண்டியிருந்தது. 2012-இலே நம் சட்டம் அப் பூட்டைத் திறந்தது. 2013-இலே மராகேஷ் நகரிலே உலக உடன்படிக்கை உருவாயிற்று. 2014-இலே அதை முதன்முதல் உறுதி செய்த நாடு இந்தியா.

இளைஞர்களே, நம் படிப்பகங்களுக்கு இதிலே வேலை இருக்கிறது. ஆண்டுக்கொரு நாள் விழா எடுத்து, நான்கு பேரை மேடையில் ஏற்றி, அரிசியும் வேட்டியும் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வது அந்த வேலை அன்று. அது அல்லிமலர்ச் சின்னம் தைத்த பழைய தருமத்தின் பேரப்பிள்ளை. கண்ணற்ற மாணவர்க்குத் தேர்வுக்கு எழுதித் தர ஆள் வேண்டும். ஆள் கிடைக்காமல் ஆண்டுதோறும் அலைகிறார்கள். எழுத வருபவர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்; திருத்தி எழுதுவதும் தவறு, சோம்பி எழுதுவதும் தவறு. பாடநூல் அல்லாத நூல்கள், பழைய இதழ்கள், உள்ளூர்ச் செய்திகள் இவற்றை வாசித்துக் காட்டவும் ஒலிப்பதிவு செய்யவும் ஆள் வேண்டும். கைப்பேசி வாசிக்கிறதே என்பீர்கள். அது அச்சுப் பிழையையும் சேர்த்து வாசிக்கும். பழைய தாளைக் கண்டால் திணறும். விளையாட்டும் வேண்டும். 1922-இலே மெல்போர்ன் ஆலையில் வேலை செய்த கண்ணற்றோர், தகர டப்பாவிலே கல்லைப் போட்டு உருட்டிக் கிரிக்கெட் ஆடத் தொடங்கினார்கள் என்பர். 2012-இலே பெங்களூரில் நடந்த முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியப் பார்வையற்றோர் அணி வென்றது. டப்பாவில் கல்லைப் போட யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

செய்யுமுன் ஆர்மிட்டேஜின் விதியை நினைவில் கொள்க. படிப்பகத்துக் குழுவிலே ஊரில் உள்ள பார்வையற்றோர் இருவரேனும் இருக்கட்டும். எந்த நாள், எந்த நேரம், எந்த நூல் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து படிப்பகம்வரை உள்ள வழியை அவர்களுடன் ஒருமுறை நடந்து பாருங்கள். திறந்த சாக்கடை எங்கே, வண்டி நிறுத்தி மறிக்கும் கடை எது என்பது அப்போது தெரியும். சாக்கடைக்கு மூடி கேட்டு நகராட்சிக்கு மனு எழுதுவது அவர்கள் சொல்ல நாம் எழுதும் முதல் எழுத்தாக இருக்கலாம். ஒரு நாளிதழை முழுதும் உரக்க வாசிக்க இரண்டு மணி நேரம் ஆகும். ஞாயிறு காலையிலே தொடங்கலாம்.